ஆர்எக்ஸ்-8 ரெனெசிஸ் எஞ்சினில் டர்போ: எவ்வளவு பூஸ்ட் தாங்கும், எதை முதலில் மாற்ற வேண்டும்

கேள்வி இதுதான்: பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரெனெசிஸ் என்ற ரோட்டரி எஞ்சின் கொண்ட மாஸ்டா கார், ஆறு கியர் மேனுவல் ஆர்எக்ஸ்-8, 80,000 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சினைத் திறக்காமல் டர்போ கிட் மாட்டி 350 குதிரைத்திறன் எடுக்க முடியுமா? எந்த டர்போ வாங்கலாம்?

350 வேண்டாம். திறக்காத ரெனெசிஸுக்கு 0.4 முதல் 0.5 பார் பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்), 280 குதிரைத்திறனை ஒட்டிய இலக்கு. நாள்பட ஓட வேண்டுமென்றால் எல்லை அதுதான். எந்த டர்போ என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பணத்தில் பெரும்பகுதி எரிபொருள், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), குளிரூட்டல் மூன்றுக்கும் போகவேண்டும். டர்போவை முதலில் வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிய கார்களில்தான் ஏபெக்ஸ் சீல் (ரோட்டரின் முனைகளில் உள்ள அடைப்புப் பட்டை) போகிறது.

முதலில் எஞ்சின் தகுதியானதா என்று பாருங்கள். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இதற்கு உதவாது. அது ரோட்டரின் மூன்று முகங்களில் உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்துக் காட்டும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. ஒவ்வொரு முகத்தையும் தனியாகப் பதிவுசெய்யும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், கிடைக்கும் அளவை 250 ஆர்பிஎம்முக்குத் திருத்திக் கணக்கிட வேண்டும். புது எஞ்சினின் அளவு 830 கிலோபாஸ்கல். மாஸ்டா சொல்லும் கீழ் எல்லை 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. 680ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும் எஞ்சின் டர்போ இல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், பூஸ்டில் ஓடாது. 750க்குக் கீழே இருந்தால் டர்போ பணத்தை எஞ்சின் பிரிப்பதற்கு ஒதுக்குங்கள். சூடான எஞ்சினை நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்யும்போது இழுத்தடித்தால், டெஸ்டர் இல்லாமலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

ரோட்டரியில் ஏன் இவ்வளவு பயம்? எரியறை நீளமாகவும் தட்டையாகவும் இருக்கிறது, ரோட்டரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டும் இருக்கிறது. தீ முன்பக்கமாக வேகமாகப் பரவும். பின் முனையில் சிக்கிய கலவைக்குப் போய்ச் சேர நேரமாகும். பூஸ்ட், வெப்பம், லீன் கலவை (பெட்ரோல் குறைவான கலவை) இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே அந்தக் கடைசிக் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக். பிஸ்டன் எஞ்சினில் லேசான நாக் சில நூறு தடவை வந்தாலும் பிஸ்டன் பொறுத்துக்கொள்ளும். இங்கே அந்த அடி நேராக ஏபெக்ஸ் சீலின் மேல் விழுகிறது. ஒரே பலமான நாக் சீலை உடைக்கப் போதும். உடைந்த துண்டு ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறி, எக்ஸாஸ்ட் வழியாகப் போய் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்போவின் டர்பைன் சக்கரத்தையும் கொத்திவிடும். ரெனெசிஸின் சீல் பழைய 13பி (மாஸ்டாவின் முந்தைய ரோட்டரி எஞ்சின்) சீலைவிட உயரம் குறைந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரெனெசிஸுக்கென்றே இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, கம்ப்ரஷன் விகிதம் 10:1. முந்தைய டர்போ காரான ஆர்எக்ஸ்-7 எஃப்டியின் எஞ்சின் 13பி-ஆர்இடபிள்யூவில் அது 9:1 மட்டுமே. மற்றொன்று, எக்ஸாஸ்ட் போர்ட் பக்கச் சுவரில் இருக்கிறது. இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நிலை இல்லாததால் ஐடிலும் புகை அளவும் நன்றாக இருக்கும். அதற்காகத்தான் மாஸ்டா அப்படிச் செய்தது. ஆனால் டர்பைன் பின்னழுத்தம் கொடுக்கும்போது வெந்த வாயு அந்தக் குறுகிய வழியிலேயே தேங்கும். ரோட்டரின் பக்கங்களை அடைக்கும் சைடு சீல் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வாசலைக் கடந்தே போகிறது. சூடேறிக் கார்பன் கட்டி சைடு சீல் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் போய்விடும். எக்ஸாஸ்ட் வாய்கள் மூன்று. நடுவில் உள்ளது இரண்டு ரோட்டர்களுக்கும் பொது. அதனால் எக்ஸாஸ்டை இரண்டு தனி வழியாக ஏற்கும் ட்வின் ஸ்க்ரோல் டர்போவுக்குத் துடிப்புகளைச் சுத்தமாகப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. ட்வின் ஸ்க்ரோல் என்று விளம்பரம் செய்து கூடுதல் விலை கேட்கும் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினின் எக்ஸாஸ்ட் வாய்களை டர்போவோடு இணைக்கும் குழாய்த் தொகுதி) இந்த எஞ்சினில் அர்த்தம் குறைவு.

இப்போது காற்றுக் கணக்கு. 1.3 லிட்டர் என்ற எண்ணைப் பார்த்துச் சின்ன டர்போ தேடாதீர்கள். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (எஞ்சினின் பிரதான தண்டு) ஒருமுறை சுற்றும்போது இரண்டு ரோட்டரும் தலா 654 சிசி உள்ளிழுத்துவிடும். நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் அந்த வேலை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஆகவே காற்று அளவில் இது 2.6 லிட்டர் எஞ்சினுக்குச் சமம். 8,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு சுமார் 10.5 கன மீட்டர், 0.5 பார் பூஸ்ட், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிந்தைய வெப்பம், 90 சதவீத நிரப்புதல் என்று வைத்தால் நிமிடத்துக்கு 15 கிலோ காற்று. கேரட் ஜிடி3076ஆர் அல்லது போர்க்வார்னர் ஈஎஃப்ஆர் 7670 வகுப்பு இதைச் சுலபமாகக் கொடுக்கும், கம்ப்ரசர் தன் எல்லைக்கு மிகக் கீழேயே ஓடும். டர்பைன் ஹவுசிங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2,500 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் வேண்டுமென்று 0.63 ஏ/ஆர் (ஹவுசிங்கின் வழி எவ்வளவு தாராளம் என்று காட்டும் எண்) எடுத்தால் மேலே பின்னழுத்தம் ஏறி மேலே சொன்ன சைடு போர்ட் பிரச்சினை அத்தனையும் வரும். 0.82 குறைந்தபட்சம், 1.06 இன்னும் நல்லது. பூஸ்ட் 600, 700 ஆர்பிஎம் தாமதமாக வரட்டும், அதற்கு மேலே இந்த எஞ்சினுக்கு நிறைய இடம் இருக்கிறது.

வேஸ்ட்கேட் (கூடுதல் எக்ஸாஸ்டை டர்பைனைத் தவிர்த்து விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) வெளியே தனியாக இருக்க வேண்டும், 44 மில்லிமீட்டருக்குக் குறையாமல். 50 என்றால் நிம்மதி. ரோட்டரி தள்ளும் எக்ஸாஸ்ட் அளவு அதிகம். சின்ன கேட் முழுதாகத் திறந்தும் போதாமல், 0.4 பார் ஸ்பிரிங் போட்ட கார் மேல் ஆர்பிஎம்மில் 0.7, 0.8 வரை தானாக ஏறிவிடும். எக்ஸாஸ்ட் எவ்வளவு தாராளமோ அவ்வளவு ஏறும். கேட்டுக்குப் போகும் குழாய் வாயு ஓட்டத்தின் திசையிலேயே சாய்ந்து பிரிய வேண்டும். செங்குத்தாக ஒட்டவைத்த குழாய் 50 மில்லிமீட்டர் கேட்டையும் வீணாக்கும். பூஸ்ட் கன்ட்ரோலரை முதல் சில வாரம் இணைக்கவே வேண்டாம். வெறும் ஸ்பிரிங்கில் ரெட்லைன்வரை பூஸ்ட் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு யோசிக்கலாம்.

மேனிஃபோல்டுக்குக் கனமான சுவருள்ள ஸ்டெயின்லெஸ் குழாய் வேண்டும். முழு லோடில் எக்ஸாஸ்ட் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மெல்லிய குழாய் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், அதாவது வலப்பக்கம். டர்போ இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் நெருக்கியடித்து உட்காரும், ஆகவே வெப்பத் தடுப்பு கட்டாயம். வலப்பக்க ஸ்டீயரிங் காரில் ஸ்டீயரிங் தண்டும் அங்கேதான் வருகிறது; கிட் இடப்பக்க ஸ்டீயரிங் காருக்கு மட்டும் அளவெடுத்ததா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்டுக்குள் புதுக் காற்றை ஊதும் செகண்டரி ஏர் பம்பின் வால்வு வழியாக எக்ஸாஸ்ட் அழுத்தம் பின்னோக்கி ஏறும். அதை நீக்கினால் அதன் வாயைத் தட்டு வைத்து அடைக்க வேண்டும். பழைய கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) இந்த வெப்பத்தில் உருகி அடைத்துக்கொள்ளும். உங்கள் பகுதிப் புகைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அதிக ஓட்டமுள்ள உலோகக் கேட்டலிஸ்டை டர்போவிலிருந்து தள்ளி வையுங்கள்.

எரிபொருளில் கஞ்சத்தனம் கூடாது. பூஸ்டில் ஓடும் ரோட்டரி ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.3 கிலோ பெட்ரோல் குடிக்கும். இலக்கு 280 என்றாலும் கணக்கை 300க்குப் போடுங்கள்: மணிக்கு 90 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்துவைக்கக் கூடாது என்பதால் மொத்தக் கொள்ளளவு நிமிடத்துக்கு 2,400 சிசி வேண்டும். மேனுவல் ரெனெசிஸில் ரோட்டருக்கு மூன்றாக ஆறு இன்ஜெக்டர்கள். ஐடிலிலேயே வேலை செய்யும் பிரைமரியை அப்படியே விட்டு மற்ற நான்கில் தேவையானதை மட்டும் பெரிதாக்கினால் ஐடில் கெடாது. புதியதோ பழையதோ, ஆறையும் ஃப்ளோ பெஞ்சில் அளந்து வாங்குங்கள். ஒரு ரோட்டருக்கு 5 சதவீதம் குறைவாகப் போனால் அது எக்ஸாஸ்டில் இரண்டும் கலந்த பிறகு காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரில் தெரியாது. சீல் உடைந்த பிறகுதான் தெரியும்.

டேங்குக்குள் இருக்கும் பம்ப் இன்னொரு பலவீனம். ஆர்எக்ஸ்-8இல் ரிட்டர்ன் லைன் கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே சுமார் 3.9 பாரில் நிலைநிறுத்துகிறது, மேனிஃபோல்டில் என்ன அழுத்தம் என்று அதற்குத் தெரியாது. 0.5 பார் பூஸ்டில் இன்ஜெக்டரின் இரு பக்க வித்தியாசம் 3.4 ஆகக் குறைந்து, அதே திறப்பு நேரத்துக்கு 7 சதவீதம் குறைவாகப் பெட்ரோல் வரும். கலவை எங்கே ரிச்சாக இருக்க வேண்டுமோ சரியாக அங்கே லீன் ஆகிறது. ஈசியூவில் ஈடுகட்டலாம்தான். ஆனால் மணிக்கு 255 லிட்டர் வகைப் பம்ப், ரிட்டர்ன் லைன், மேனிஃபோல்ட் அழுத்தத்தோடு ஒன்றுக்கு ஒன்று ஏறும் ரெகுலேட்டர் மூன்றையும் சேர்த்துப் போடுவதே நேர்வழி. பம்புக்குத் தனி ரிலே, தடித்த வயர் போடுங்கள்; பழைய வயரில் வோல்டேஜ் இறங்கினால் பெரிய பம்பும் சின்ன பம்பாகிவிடும். எரிபொருள் 98 ரான் (ஆக்டேன் எண்). 95தான் கிடைக்கும் என்றால் 0.4 பாரோடு நில்லுங்கள்.

ஈசியூவுக்கு இரண்டு வழி. ஒரிஜினல் ஈசியூவை வெர்சாட்யூனர், மாஸ்டாஎடிட் போன்ற மென்பொருளால் திருத்தலாம். இதில் காற்றளவு சென்சார் தன் உச்ச வோல்டேஜைத் தொட்டுவிடாமல் பெரிய குழாய்க்குள் வைத்து அளவீட்டை மாற்ற வேண்டும், ஆக்சிலரேட்டரை விடும்போது திறக்கும் ப்ளோ-ஆஃப் வால்வு காற்றை வெளியே விடாமல் டர்போ வாய்க்கே திருப்ப வேண்டும். மற்றது அழுத்த சென்சாரை வைத்து ஓடும் தனி ஈசியூ. கட்டுப்பாடு முழுதாகக் கிடைக்கும். ஆனால் இந்தக் காரின் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கும் மீட்டர் கிளஸ்டரும் எஞ்சின் ஈசியூ அனுப்பும் கேன் (காரின் உள் தரவு இணைப்பு) செய்திகளை நம்பியிருக்கின்றன. அவற்றை அனுப்பத் தெரிந்த ஈசியூ இல்லாவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகும், ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். ஒரிஜினல் ஈசியூவின் சிக்னலை இடையில் பிடித்து ஏமாற்றும் பிக்கிபேக் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈசியூ தன் கலவைத் திருத்தத்தைக் கற்றுக்கொண்டே போகும். இன்று சரியாக இருந்த அளவு அடுத்த மாதம் இருக்காது.

எந்த வழியானாலும் ஓர் இடத்தில் கவனம்: பிரைமரியிலிருந்து செகண்டரி இன்ஜெக்டருக்கு மாறும் புள்ளி. செகண்டரி திறந்ததும் பெட்ரோலின் ஒரு பகுதி ரன்னர் (இன்டேக் குழாய்) சுவரை நனைக்கவே போய்விடும்; அந்தக் கண நேரம் அறைக்குள் கலவை லீன். டர்போ இல்லாதபோது இது லேசான தடுமாற்றம் மட்டுமே. பூஸ்ட் ஏறிக்கொண்டிருக்கும் அதே ஆர்பிஎம்மில் விழுந்தால் நாக். மாற்றத்தைப் பூஸ்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், மாறும் நேரத்தில் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலும் சேருங்கள். ஈசியூவின் பதிவை (லாக்) பார்க்கும்போது சராசரியைப் பார்த்தால் இது மறைந்துவிடும். 3,000 முதல் 4,500 ஆர்பிஎம் வரையான துண்டை மட்டும் விரித்துப் பார்த்தால் சிறு பள்ளமாகத் தெரியும். கூடுதல் இன்டேக் வழியைத் திறக்கும் எஸ்எஸ்வி வால்வு இயங்கும் 3,750 ஆர்பிஎம்மும் இதே பகுதிதான்.

இக்னிஷனில் நான்கு காயிலையும் மாற்றுங்கள். பழைய காயில் இந்தக் காரின் தெரிந்த பலவீனம், பூஸ்டில் இன்னும் திணறும். ரோட்டருக்கு இரண்டு பிளக்: முதலில் பொறிக்கும் லீடிங், பின்னால் பொறிக்கும் ட்ரெய்லிங். இரண்டும் 9 ஹீட் ரேஞ்ச் (பிளக் வெப்பத்தைக் கடத்தும் தர எண்). காயில் வயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் குறியிடுங்கள். ட்ரெய்லிங் வயர் இரண்டும் இடம் மாறினாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஐடிலிலும் நிற்கும், கொஞ்சம் சோம்பலாக. ஆனால் ரோட்டர்கள் 180 டிகிரி தள்ளியிருப்பதால் ஸ்பார்க் முற்றிலும் தவறான நேரத்தில் விழும். பூஸ்டில் அது எஞ்சினின் கடைசி ஓட்டம்.

ஆயில் இங்கே உராய்வுக்கு மட்டுமல்ல. ரோட்டரை உள்ளிருந்து குளிர்விப்பதும் அதுதான். பால் பேரிங் டர்போவுக்குச் செல்லும் லைனில் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பு தேவை. திரும்பும் குழாய் 16 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்குக் குறையாமல், தொடர்ந்து கீழ்நோக்கியே இறங்கி, ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். டர்போ தாழ உட்கார்ந்து சரிவு கிடைக்காவிட்டால் இழுக்கும் பம்ப் வைக்காமல் வேறு வழியில்லை. இல்லையேல் சீல் வழியாக ஆயில் கசிந்து நீலப்புகை வரும், நீங்கள் டர்போ கெட்டுவிட்டதென்று நினைப்பீர்கள். கூலர் ஒன்றுதான் உள்ள காரானால் இரண்டாவதைச் சேருங்கள். ஆயில் 110 டிகிரியைத் தாண்டினால் காலை எடுத்துவிட வேண்டும். 10டபிள்யூ-40 போடுங்கள், ரிச் கலவை ஆயிலைக் கரைக்கும் என்பதால் 4,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். ஏபெக்ஸ் சீலுக்கு ஆயில் விடும் நாசில்களின் காற்றுக் குழாய் டர்போவுக்கு முந்தைய சுத்தமான காற்றோடு இணைந்திருக்க வேண்டும். நாசிலின் ஒருவழி வால்வு கசிந்தால் பூஸ்ட் அந்த வழியே பின்னோக்கி ஊதி ஆயிலைத் தடுக்கும். கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும். அதோடு பெட்ரோலில் லிட்டருக்கு 5 மில்லி நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது மலிவான காப்பீடு.

குளிரூட்டலில் ஒரு சின்ன வஞ்சகம்: டாஷ்போர்டு வெப்பமானி. அது நடுவிலேயே ஆணி அடித்தாற்போல் நிற்கும், முள் அசையும்போது சேதம் நடந்திருக்கும். தனியாக டிஜிட்டல் மீட்டர் போட்டு 105 டிகிரியில் எச்சரிக்கை வையுங்கள். இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காருவதால் காற்று பக்கவாட்டில் தப்பிக்காதபடி சுற்றிலும் தகடு வைத்து அடைக்க வேண்டும். இந்தத் தகடு வேலையைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், பிறகு பெரிய ரேடியேட்டர் தேடுகிறார்கள்.

ட்யூனிங். வைட்பேண்ட் சென்சார் டர்போவுக்குப் பின்னால், அரை மீட்டராவது தள்ளி. மேனிஃபோல்டில் இருக்கும் ஒரிஜினல் முன் சென்சாரையும் அங்கே மாற்றுங்கள். டர்போவுக்கு முன்னால் உள்ள அழுத்தத்தில் அதன் கணக்கு தப்பும், ஈசியூ அதை நம்பித் திருத்தும். பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 10.8இல் தொடங்கி 11.3க்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். லீடிங் டைமிங் 0.5 பாரில் 14 டிகிரியில் தொடங்கட்டும், ட்ரெய்லிங் அதற்கு 15 டிகிரி பின்னால். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, டார்க் கூடுவது நிற்கும் இடத்துக்கு இரண்டு டிகிரி முன்பே விட்டுவிடுங்கள்; லீடிங் 18ஐத் தாண்டத் தேவையிருக்காது. பயந்துபோய் டைமிங்கை மிகவும் பின்னுக்கு இழுத்தாலும் கேடுதான்: எரிவது எக்ஸாஸ்டுக்குள் முடியும், மேனிஃபோல்டு செந்தணலாகும், சைடு சீல் வேகும். இன்டேக் காற்று 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தானாக டைமிங் குறையவும், பூஸ்ட் 0.65 பாரைத் தொட்டால் பெட்ரோல் முழுதாக நிற்கவும் செய்யுங்கள். பாதி நிறுத்தம் லீன் ஆக்கும், அது கூடாது. லிமிட்டரை 8,000க்கு இறக்குங்கள். டர்போவோடு அதற்கு மேல் போய்க் கிடைப்பது சத்தம்தான். ஒரிஜினல் டார்க் 211 நியூட்டன் மீட்டர், இப்போது அது 280ஐ ஒட்டி வரும். கிளட்ச் வழுக்கத் தொடங்கும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

350க்குக் குறைவாக மனம் ஒப்பவில்லையானால் இந்தக் கிட்டை வாங்கவே வேண்டாம். 9:1 ரோட்டரும் சுற்றுச்சுவரில் எக்ஸாஸ்டும் கொண்ட 13பி-ஆர்இடபிள்யூவை இந்தக் காரில் இறக்குவது செலவு அதிகம், ஆனால் அந்த எண்ணிக்கை அதற்கு இயல்பானது. ரெனெசிஸில் பூஸ்டை ஏற்றி அங்கே போக நினைப்பவர் இரண்டு எஞ்சினுக்குப் பணம் கொடுப்பார்.